சண்டை போடாத பிள்ளை

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டில் சண்டை இல்லாத காலைப்பொழுதே கிடையாது. சண்டை எனக்கும் அவளுக்கும்தான். சடையை நான் வலிக்க இழுத்துப் பின்னுகிறேன் என்பாள். போனில் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறேன் என்பாள். நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். மிளகாய் வத்தல் காயும் களத்தில் வளர்ந்த எனக்கு வாய் கொஞ்சம் காரம்தான். ஆனால் அவள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். ஒருநாள் நான் மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது பையிலிருந்து ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "யம்மா, கண்ணு கலங்கிப் போன மீன வாங்கிட்டு வந்திருக்க. ஒங்க ஊர்க்காரங்கன்னா மீன்காரங்க தேடிப் பிடிச்சு ஏமாத்துதாங்க" என்றாள். பக்கத்தில் இருந்த என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தான் சொல்லத் துணியாததையெல்லாம் மகள் சொல்லிவிடுகிறாள் என்று அவருக்கு ஒரு சந்தோஷம்.

என் கணவர் சங்கு குளிப்பவர். தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்கள் முத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். முத்துக் குளித்ததெல்லாம் அவருடைய பாட்டன் காலத்தோடு சரி. இப்போது அடியில் போய் எடுத்துவருவது சங்குதான். விடியற்காலையில் ஏழெட்டுப் பேர் ஒரு வள்ளத்தில் போவார்கள். மதியத்துக்கு மேல் திரும்பி வருவார்கள். நான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். எனக்குக் கடல் என்றால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கிரேன்கள்தான். அவருக்கு அது வேறு. அதை அவர் தலையாலேயே அறிந்துவைத்திருந்தார்.

தலையால் என்று சும்மா சொல்லவில்லை. சளி பிடித்த நேரத்தில் ஆழத்துக்கு முங்கினால் புருவத்துக்கு மேலே ஆணி அடித்தது போல் வலிக்குமாம். வலிக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே அவர்களுக்கென்று ஒரு வைத்தியம் இருக்கிறது. சுக்கையும் சாம்பிராணியையும் அரைத்துச் சூடாக்கி நெற்றி முழுக்கப் பற்றுப் போடுவார்கள். பிறகு வள்ளத்தின் விளிம்பில் மல்லாந்து, தலையை வெளியே தொங்கப்போட்டுக் கிடப்பார்கள். கொஞ்ச நேரத்திலோ, அடுத்த தடவை முங்கி எழும்போதோ, மூக்கிலிருந்து இரத்தம் கலந்த சளி கொடியாக வந்து விழும். அதோடு வலி போய்விடும். "விட்டுட்டு" என்பார்கள், வலி விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் வள்ளத்தில் எல்லோரும் சிரிப்பார்களாம். கல்யாணமாகி வந்த புதிதில், நெற்றி நிறையப் பற்றோடு எங்கள் தெருவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்பு மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கோவில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாட்டுப் பாடப் போனார்கள். என் மகளும் நனைந்துகொண்டே போனாள். பண்டிகை முடிந்தபோது தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சளி. அவளுக்கும் வந்தது, மற்றவர்களுக்குப் போலவே தேறியும் வந்தது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனாள். போன சில நாளிலேயே திரும்பவும் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை தலைவலியும் சேர்ந்துகொண்டது.

"எங்க வலிக்கு?" என்று கேட்டார் அவர்.

"இங்கன" என்று இரண்டு புருவத்துக்கும் மேலே விரலை வைத்தாள். "குனிஞ்சா கூட வலிக்குப்பா."

தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்தது போல் அவர் முகம் தெளிந்தது. வயிற்றுவலி என்று சொல்லியிருந்தால் அவர் பயந்திருப்பார். பல்வலி என்றிருந்தால் அப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். இது அவருடைய சொந்த வலி. இருபது வருடமாக அவரோடு கடலுக்குப் போய்வந்த வலி.

டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னேன். "ஏளா, இந்த வலிக்கு டாக்டர்மாரு எங்கிட்ட வந்துல்லா கேக்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அந்த வலியை அனுபவித்தவர் அவர் ஒருவர்தானே.

பற்றை அவரே அரைத்தார். சூடு பார்த்து, ஊதி ஊதி, அவள் நெற்றியில் பூசினார். பிறகு கட்டிலில் குறுக்காகப் படுக்கவைத்து, விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிடச் சொன்னார். கழுத்து நோகாமல் கீழே தன் கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டார்.

"வலிக்குப்பா, என்னைய விடுங்கப்பா" என்று கத்தினாள் அவள்.

"வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறு. இப்ப விட்டுரும் பாரு."

"நான் என்ன சங்கா எடுக்கப் போறேன்? என்னைய ஏன் இப்படித் தொங்கப்போடுதீங்க?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவள் சண்டை போட்ட கடைசிக் கேள்விகளில் அதுவும் ஒன்று.

இரண்டு மூன்று நாள் அப்படிப் போனது. ஒரு காலையில் மூக்கைச் சிந்தியவள் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிச் சளி, அதில் இரத்தக் கோடு. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றாள். என் கணவர் அந்தக் கைக்குட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "விட்டுட்டு! ஏளா, விட்டுட்டு!" என்று வாசலுக்கு ஓடினார். அவரோடு முங்கப் போகும் தம்பி, என் கொழுந்தன், எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "மைனி, இனிமே பயமில்ல. நமக்கெல்லாம் இப்படித்தான்" என்றார். அன்றைக்குக் காய்ச்சலும் மாத்திரைக்கு இறங்கியிருந்தது. புரோட்டா வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டாள். அவர் கோவிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தார். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. துக்கத்துக்கு முன்னால் இப்படி ஒரு நாள் எதற்கு வந்தது?

பிறகு நெற்றி வீங்கியது. இடது புருவத்துக்கு மேலே, எங்கோ இடித்துக்கொண்டது போல மெதுவாக ஒரு புடைப்பு. தொட்டால் கல்லாக இல்லை, மெத்தென்று இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "மிச்சம் மீதி வெளிய வருது. உள்ள கெடந்தாத்தான் கெடுதல்" என்றார். பற்றை இன்னும் தடிமனாகப் போட்டார். சுக்கின் காரத்தில் நெற்றித் தோல் சிவந்து உரிந்தது.

சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் நான் பிடிவாதமாகத் தெருமுனையில் இருந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் கணவரும் கூட வந்தார். சாயங்கால நேரம், கூட்டம். அவர் பெரியவர், நல்ல மனுஷர், எங்கள் தெருவுக்கே அவர்தான் வைத்தியம். நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்த பற்றைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பச்சப் பிள்ள தோல்ல சுக்கப் போட்டு வேக வச்சிருக்கீங்களே. வெந்து வீங்கிருக்கு பாருங்க" என்றார். தடவ ஒரு களிம்பும், சளிக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பற்றோடு வரும் நெற்றிகளை அவர் எத்தனையோ பார்த்திருப்பார், எத்தனையோ தோல் வெந்திருக்கும். இவளுடைய நெற்றியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பற்றால்தான் வீங்கியது என்றதில் அவருக்கு வெட்கமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

மறுநாள் அவர் கடலுக்குப் போய்விட்டார். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அவளை உட்காரவைத்து, இரண்டு நாளாகச் சிக்குப் பிடித்துக் கிடந்த தலைமுடியைச் சீவினேன். சிக்கை இழுத்தபோது ஒரு சத்தம் இல்லை. வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி வாரினேன். அப்போதும் பேசாமல் இருந்தாள். உடம்பு சோர்ந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், குமட்டல்கூட இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள். பாவாடை, பாய், என் சேலை எல்லாவற்றிலும். "பாத்ரூமுக்கு ஓடக் கூடாதா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"சரிம்மா" என்றாள்.

அந்தச் 'சரிம்மா'வைக் கேட்டதும் சீப்பைக் கீழே போட்டேன். என் மகள் எனக்குச் சரி சொல்லி நான் கேட்டதே இல்லை. சேலையைக்கூட மாற்றாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் பகுதியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். எனக்குத் தங்கை வயதுகூட இருக்காது. நான் நடந்ததைச் சொன்னேன், பற்றுப் போட்டு வெந்துவிட்டதாகத் தெருமுனை டாக்டர் சொன்னதையும் சொன்னேன். இந்த டாக்டர் பஞ்சை நனைத்து, களிம்புக்கு அடியில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்த பற்றைப் பொறுமையாகத் துடைத்து எடுத்தார். நெற்றி முழுக்கச் சுத்தமாகும்வரை துடைத்தார். பிறகு அந்தப் புடைப்பின் மேல் விரலை அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்தார். மாவில் அழுத்தியது போல் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

"வெந்த தோல் இப்படிக் குழி விழாதும்மா" என்றார். சளி எப்போது வந்தது, நடுவில் குறைந்து மறுபடி கூடியதா, வாந்தி உண்டா, தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக, "எப்பவும் போல இருக்காளா?" என்றார்.

"சண்டை போட மாட்டேங்கா டாக்டர்" என்றேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டார். வரிசையில் நின்ற ஒரு அம்மாகூட, "எம் பிள்ளைக்கும் அதுக்கு ஒரு மருந்து தாங்க" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்து?"

"நேத்து, முந்தாநேத்துல இருந்து. இவ எதுத்துப் பேசாம இருக்கவே மாட்டா டாக்டர். இன்னைக்குச் சரிங்கா."

மகளிடம் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் நேராக முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்திருக்கச் சொன்னார். நீட்டினாள். இடது கை அப்படியே நின்றது. வலது கை, யாரோ மெல்லக் கீழே இறக்குவது போல, தானாகத் திரும்பி இறங்கியது. அது இறங்குவது அவளுக்கே தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். டாக்டர் என் கையைத் தடுத்தார். அதற்குள்ளேயே ஸ்கேனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

என் கணவர் போனுக்கு நான் எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. கடலுக்குள் சிக்னல் இருக்காது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டிருந்தேன். பிற்பகலில் கரைக்கு வந்ததும் யாரோ சொல்லி, அப்படியே ஓடி வந்தார். தலை ஈரம், கையிலும் கழுத்திலும் உப்பு பூத்திருந்தது. அந்த வார்டின் மருந்து வாசனைக்கு நடுவில் அவர் மேல் கடல் வாசனை அடித்தது. அந்த நிமிடம் எனக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நெற்றி எலும்புக்குள் ஒரு வெற்றிடம் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குத்தான் அது நன்றாக வளர்ந்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர். முன்சுவருக்கு வெளியே தோல். பின்சுவருக்கு அந்தப் பக்கம் மூளை. சளியில் அந்த இடம் பழுத்துச் சீழ் கட்டியிருக்கிறது. சீழ் எலும்பை அரித்து இரண்டு பக்கமும் போயிருக்கிறது. முன்னால் போனது புடைப்பாகத் தெரிந்தது. பின்னால் போனது மூளையின் மேல் படர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"சளி பிடிக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் இப்படி வருமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"இல்லம்மா. ரொம்ப ரொம்ப அபூர்வம். சளி வந்த பிள்ளைங்களுக்கு அனேகமா தானாவே சரியாயிரும். கொறஞ்ச சளி திரும்பக் கூடினா, தலைவலியோட வாந்தி வந்தா, நெத்தியோ கண்ணோ வீங்கினா, பிள்ளை ஒரு மாதிரி மந்தமா இருந்தா, அப்பதான் ஓடி வரணும்."

அவர் சொன்ன எல்லாமே அவளுக்கு இருந்தன. எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

என் கணவர் தரையைப் பார்த்தபடி, "வெளிய வருதுன்னா நல்லதுன்னுல்லா நெனச்சேன்" என்றார். பிறகு நிமிர்ந்து டாக்டரைக் கேட்டார். "நான் தலையத் தொங்கப்போட வச்சேன். அதனாலயா?"

"அதனால இல்லண்ணே."

"பற்றுப் போட்டதாலயா?"

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பற்றால இது வரல. ஆனா பற்று இத மறைச்சிருச்சு" என்றார். என் கணவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவர் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். போய்ப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. முட்டட்டும் என்றுதான் இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் தலையை மழித்தார்கள். அன்று காலையில் நான் சிக்கெடுத்த முடியை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார்கள். மழிப்பவர் தலையைத் திருப்பச் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினாள். பழைய பிள்ளையாக இருந்தால் அந்த அறையே ரெண்டுபட்டிருக்கும். என் கணவர் அவள் காலருகே நின்று பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பா இங்கனதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள், "சரிப்பா" என்றாள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். இதை எழுதும்போது இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன், பிழைத்துக்கொண்டாள். சீழை எடுத்தார்கள், அரித்துப்போன நெற்றி எலும்பில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு தடவை வலிப்பு வந்தது. நரம்பு வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருந்தது, வாரக்கணக்கில். அதே வார்டில் எங்கள் கண் முன்னால் இரண்டு பிள்ளைகளை வெள்ளைத் துணி மூடிக் கொண்டு போனார்கள். ஆகவே எனக்கு நன்றி இல்லாமல் இல்லை. அந்தச் சின்ன டாக்டர் வீட்டுக்கு அனுப்பும் நாளில் வந்து அவள் கன்னத்தைத் தட்டியபோது, நான் அவர் காலில் விழப்போனேன். அவர் பதறிப்போய்த் தூக்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அவளுக்குத் தலை குளிப்பாட்டும்போது நெற்றியில் அந்த எலும்பில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தோலுக்கு அடியில் மெல்லத் துடிக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் உச்சிக்குழி இப்படித்தான் துடித்தது. எலும்புக்குப் பதிலாகப் பிறகு ஏதோ தகடு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வலது கை கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது, பயிற்சி கொடுத்தால் தேறும் என்கிறார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. கையில்லாமல் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள்.

ஆனால் அவள் சண்டை போடுவதில்லை. எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். சொல்லாவிட்டால் தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். டி.வி. ஓடினால் பார்ப்பாள், நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்க மாட்டாள். மூளையில் முன்பக்கம் அடிபட்டால் இப்படி ஆவது உண்டு என்றார்கள். ஆசைப்படுவது, அடம்பிடிப்பது, கோபப்படுவது எல்லாம் அங்கேதானாம். சின்ன வயது, திரும்பி வரலாம், எவ்வளவு வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் என் மகளைத் தொலைத்துவிட்டேனா இல்லையா என்று எனக்கு யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

என் கணவரை மன்னித்துவிட்டாயா என்று என் அக்கா ஒரு முறை போனில் கேட்டாள். சில நாள் மன்னித்துவிடுகிறேன், சில நாள் அவர் மூச்சுவிடுவதே எனக்கு ஆகவில்லை என்றேன். அவர் மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். அக்கறை இல்லாத அப்பனாக இருந்திருந்தால் பற்று அரைத்திருக்க மாட்டார், அவள் நெற்றியும் மூடாமல் இருந்திருக்கும். இதை யாரிடம் சொல்லி அழ? இப்போதும் கடலுக்குப் போகிறார். தலை வலித்தால் வலியோடு மூலையில் உட்கார்ந்திருக்கிறார், பற்றுப் போடுவதில்லை. தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தும்மினால், போய்க் கதவைத் தட்டி, "நெத்திய நல்லா அழுத்திப் பாருங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்கிறார். சிலர் கேட்கிறார்கள். சிலர், பாவம் மனுஷனுக்குத் தலை சுற்றிப்போய்விட்டது என்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து என் சித்தி ஒருத்தி என் மகளைப் பார்க்க வந்தாள். பழைய கதை முழுதாகத் தெரியாதவள். மத்தியானம் முழுக்க அவளைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, "எவ்ளோ அடக்கமான பிள்ளைடி. எம் பேத்திகளும் இருக்காளுகளே, வாயத் தொறந்தா மூட மாட்டாளுக. நல்லா வளத்திருக்க" என்றாள். காப்பி போட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். எனக்கு அடக்கமான பிள்ளை வேண்டாம். கலங்கிய கண்ணுள்ள மீனை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிற அந்தத் திமிர் பிடித்தவள்தான் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குழம்பு வைத்தேன். கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். தவறுதலாக இல்லை, தெரிந்தேதான் போட்டேன். ருசி பார்த்தேன், நாக்கு வெந்துபோனது. இதற்கு அவள் தட்டைத் தள்ளிவிடட்டும், எழுந்து நின்று கத்தட்டும், நானும் பதிலுக்குக் கத்துகிறேன் என்று மனசுக்குள் வார்த்தைகளைக்கூடச் சேர்த்துவைத்திருந்தேன். சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினேன். அவளுக்கும் அவருக்கும்.

அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. நாக்குக்குத் தெரிகிறது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அடுத்த கவளத்தை எடுத்தாள்.

"கொழம்பு எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கும்மா."

என் கணவர் அதற்குள் ஒரு வாய் சாப்பிட்டிருந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் தட்டை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, பிசைந்து, சாப்பிட ஆரம்பித்தார்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் கையில் கவளம் இருக்கும்போதே தட்டைப் பிடுங்கினேன். பருக்கைகள் தரையில் சிதறின. ஏன் பிடுங்குகிறாய் என்றாவது கேட்பாள் என்று நின்றேன். அவள் கவளத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, எச்சில் கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.